இரவரங்கும் கலைஞனின் கண்ணும்



கேளிக்கை அரங்கில் கலை பிறக்குமா என்னும் வினா பழையது. அதற்குத் தம் தூரிகையால் விடையளித்தவர் பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக்.

பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் பகுதியில் 1889ஆம் ஆண்டு 'மூலான் ரூழ்' என்னும் நடன அரங்கு திறக்கப்பட்டது. உயர்குடியில் பிறந்து, இளமையில் இரு தொடை எலும்புகளும் முறிந்து, கால்களின் வளர்ச்சி நின்றுபோன லோத்ரெக், பல இரவுகள் அங்கே அமர்ந்து வரைந்தார். 1891இல் அவர் தீட்டிய சுவரொட்டி, லா கூலு என்னும் நடனப் பெண்ணைப் பாரிஸ் தெருக்களில் நிறுத்தியது. அவர் பெயரையும் ஊரறியச் செய்தது.

ஆயினும் அவர் பார்வை மேடை வெளிச்சத்தோடு நின்றுவிடவில்லை. விலைமகளிர் இல்லங்களில் தங்கி வரைந்தவர், 1896இல் 'அவர்கள்' எனப் பொருள்படும் பெயரில் கல்லச்சு ஓவியத் தொகுப்பொன்றை வெளியிட்டார். அதிலுள்ள பெண்கள் உடல் கழுவுகிறார்கள், கூந்தல் வாருகிறார்கள், அயர்ந்து கிடக்கிறார்கள். காமக்களிப்பை நாடியவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. தொகுப்பு விலைபோகவில்லை. காட்சிப்பொருளாகக் கருதப்பட்டவர்களை மனிதர்களாகக் கண்டதே அவர் பெருமை.

ஆனால், கலை அவர்களை வாழவைத்ததா? லா கூலு முதுமையில் அதே அரங்கின் அருகே தெருவில் சில்லறைப் பண்டங்கள் விற்று, 1929இல் வறுமையில் இறந்தார். அவருடைய உருவமோ அருங்காட்சியகங்களில் போற்றப்படுகிறது.

இரவிடம் பொருள் பெறும் கவிஞர் இக்கடனை மறத்தலாகாது. விளக்கணைந்த பின்னும் அங்கே ஒருத்தி இருக்கிறாள். அவளைக் காணாத பாட்டு, நுழைவுச்சீட்டு வாங்கியவனின் பாட்டேயன்றிக் கவிஞனின் பாட்டாகாது.