படத்தில் கேட்காத குரல்



வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் போகிறவர்களில் சிலர் இன்னும் தெற்கே, வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரை வரைக்கும் போய் வருவதுண்டு. குளிர்காலத்தில் போனால், சேற்றுநிலத்திலும் உப்பளங்களிலும் உள்ளான்கள் கூட்டங்கூட்டமாக மேய்வதைப் பார்க்கலாம். அவற்றுள் மிகச் சிறியவற்றில் ஒன்று கொசு உள்ளான். பத்து ரூபாய் நாணயம் மூன்றைக் கையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் எடை. அந்த உடம்போடு வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து பறந்து வருகிறது.

இப்போது எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “இது என்ன பறவை?” என்று கேட்கிறார்கள். அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும். நன்றாகத் தெரிந்தவர்களோ பெரும்பாலும் தாமதமாகத்தான் வாய் திறப்பார்கள். அவர்கள் முதலில் கேட்பது, “கால் தெரிகிற மாதிரி இன்னொரு படம் இருக்கிறதா?” என்பதுதான்.

கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. அதே அளவுள்ள டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். சுலபம்போலத் தோன்றும். ஆனால் சேற்றில் நடக்கிற பறவையின் கால் சேற்றின் நிறத்தில்தானே இருக்கும்? வெயிலுக்கு எதிரே நின்று எடுத்தால் எல்லாக் காலும் கறுப்புத்தான். உருவ அளவை வைத்துச் சொல்லலாம் என்றால், பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று நிற்காதவரை படத்தில் சிறிது எது, பெரிது எது? செங்கழுத்து உள்ளான் என்று இன்னொன்று உண்டு. இனப்பெருக்க காலத்தில்தான் அதன் கழுத்துச் சிவக்கும். குளிர்காலத்தில் அதுவும் சாம்பல், கொசு உள்ளானும் சாம்பல். பல ஆண்டுகள் பறவை பார்த்தவர்களே இந்த இரண்டில் தடுமாறுவார்கள்.

கரண்டிமூக்கு உள்ளானின் கதை இன்னும் வேடிக்கை. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் முட்டையிடும் இந்தப் பறவை உலகிலேயே சில நூறுதான் மிஞ்சியிருக்கிறது. கோடியக்கரைக்கும் முன்பு வந்திருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் அதன் கரண்டி மூக்கு சாதாரண மூக்காகத்தான் தெரியும். மறுபுறம், மூக்கு நுனியில் சேறு அப்பிய கொசு உள்ளானைக் கரண்டிமூக்கன் என்று நம்பி மகிழ்ந்தவர்களும் உண்டு. அரிய பறவையைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை, சேற்றையும் கரண்டியாக்கிக் காட்டிவிடுகிறது.

ஆசை செய்வதை அச்சமும் செய்யும். 2018 மே மாதம், குழந்தை கடத்துகிறவர்கள் ஊருக்குள் புகுந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டத்தில் தங்கள் கோயிலைத் தேடிக் குடும்பத்தோடு வந்த வயதான பெண்மணி ஒருவர், வழியில் கண்ட பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் அவருக்கு ஒரு பெயர் வைத்தது, அடித்தே கொன்றது. அவர் யார், எந்த ஊர், எதற்காக வந்தார் என்று நிதானமாகக் கேட்க அங்கே ஆள் இல்லாமல் போயிற்று. பறவைக்குத் தவறாகப் பெயர் வைத்தால் பறவைக்கு ஒன்றும் ஆகாது.

படம் நமக்குத் தராதவை இரண்டு: அசைவு, குரல். களத்தில் நிற்பவருக்கு உள்ளானை அடையாளம் காட்டுவது பல நேரம் இவைதான். கொசு உள்ளான் தையல் இயந்திர ஊசிபோல ஓயாமல் கொத்திக்கொண்டே போகும். டெம்மிங்க் உள்ளான் மெதுவாக, ஓரமாக மேயும், எழுந்து பறக்கும்போது நடுங்கும் குரலில் கத்தும். அந்த ஒரு ஒலி கேட்டதும், அரை மணி நேரமாகக் காலையே உற்றுப்பார்த்துக் கொண்டிருந்தவர்கள் சிரித்துவிடுவார்கள்.

யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் மகதலா மரியாவை நினைத்துப் பாருங்கள். கல்லறை அருகே உயிர்த்த ஆண்டவரைத் தன் கண்ணாலேயே பார்க்கிறார். ஆனால் தோட்டக்காரர் என்றே எண்ணுகிறார். பெயர் சொல்லி அழைத்த குரலைக் கேட்ட பிறகுதான் தெரிகிறது. எம்மாவுக்குப் போன சீடர்களும் அப்படித்தான். வழியெல்லாம் முகத்தைப் பார்த்தும் தெரியாதவர், அப்பத்தைப் பிட்டபோது தெரிந்தார். மரியாவும் சரி, அந்தச் சீடர்களும் சரி, அவரை நன்றாக அறிந்தவர்கள். அவர்களுக்கே கண் போதவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நம் பங்கு இளையோர் யாராவது அதில் சேர்ந்தால், ஒரே படத்தோடு நிறுத்தாமல் கால், மூக்கு, விரித்த இறக்கை எல்லாம் தெரியும்படி பல படம் எடுங்கள், இடத்தையும் தேதியையும் எழுதுங்கள். குரல் கேட்டால் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகும் தெளியவில்லையென்றால், ‘சிறு உள்ளான், இனம் தெரியவில்லை’ என்றே பதியலாம். ஈபேர்ட் பதிவேட்டில் அதற்கென்று தனி இடமே வைத்திருக்கிறார்கள். அந்தப் பறவையும் கணக்கில் சேர்ந்துவிடும்.