நோயாளியின் அருகில் நிற்பவர்



உஹத் போரில் நபி (ஸல்) அவர்களின் திருமுகம் காயமுற்றது. அலி (ரழி) அவர்கள் கேடயத்தில் நீர் கொணர்ந்து ஊற்ற, மகளார் பாத்திமா (ரழி) அவர்கள் இரத்தத்தைக் கழுவினார்கள். நீர் ஊற்ற ஊற்ற இரத்தம் பெருகுவதைக் கண்டதும், பாயின் துண்டொன்றை எரித்து அதன் சாம்பலைக் காயத்தில் வைத்தார்கள், இரத்தம் நின்றது. ஸஹீஹுல் புகாரியில் வரும் இச்செய்தியில் நாம் கற்க வேண்டியது சாம்பலை அன்று, உற்றுநோக்கலை. செய்வது பயன் தரவில்லை எனக் கண்டதும் அவர்கள் முறையை மாற்றினார்கள். இன்று இரத்தம் பெருகும் காயத்தைத் தூய துணியால் விடாது அழுத்திப் பிடிப்பதே முறை.

ரமழான் மாதத்தில் அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் அஸருக்கு முன்பே கஞ்சிப் பானை அடுப்பேறிவிடும். சிறுவர்கள் அதைச் சுற்றியே ஓடுவர். கொதிக்கும் கஞ்சி பிள்ளையின் கையில் கொட்டினால், பெரியவர்கள் முதலில் தேடுவது பற்பசையை! அது புண்ணை ஆற்றாது. வைத்தியர் காயத்தைப் பார்ப்பதற்கும் தடையாகும். ஓடும் குழாய் நீரில் முழுமையாக 20 நிமிடங்கள் கையைப் பிடியுங்கள். அழும் பிள்ளையைப் பிடித்திருப்பவருக்கு அது நெடுநேரம்தான். கண்டியின் குளிரில் பிள்ளை நடுங்காதிருக்க, உடலின் ஏனைய பகுதியைப் போர்த்திவிடுங்கள். ஐஸ் வேண்டாம். வளையலை வீக்கம் வருமுன் கழற்றுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். காயம் பெரிதெனில் 1990 இலக்கத்திற்கு அழையுங்கள். 2016இல் ஆரம்பமான அந்த இலவச அம்புலன்ஸ் சேவை இன்று நாடெங்கும் இயங்குகிறது.

படுக்கையில் கிடக்கும் மூத்தம்மாவை ஏறத்தாழ இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பதும் இத்தகைய அறிவே. படுக்கைப் புண் வந்த பின் ஆற்றுவது கடினம்.

அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களைப் பராமரித்தவர் றுபைதா (ரழி) என்ற பெண்மணி. அவரது கூடாரம் மஸ்ஜிதுந் நபவியிலேயே இருந்தது. நாமோ, எம் பெண்களைப் பெண் தாதியே பராமரிக்க வேண்டுமென வைத்தியசாலையில் கேட்கிறோம். மகளின் தாதியர் பயிற்சி விண்ணப்பத்தை, "இரவுக் கடமை இருக்கிறதே" என மடித்து வைத்த வாப்பாவும் அதையே கேட்கிறார். அவரது அச்சம் நியாயமானதே. ஆயினும், போக்குவரத்து ஏற்பாட்டை நான்கு குடும்பங்கள் கூடிப் பேசினால் தீர்த்துவிடலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்படிப்பும் உண்டு. ஆண் பிள்ளைகளும் இத்துறைக்கு வரலாம். உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இன்றிரவே அவரிடம் விருப்பத்தைக் கேட்டுப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.