தொய்வும் கல்சியமும்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் முன் ஆற்றிய உரை)



உயர்தர வகுப்பில் ஒன்றாக உயிரியல் படித்த எங்களைப் பேசச் சொன்னதும் ஒரு தோழியின் நினைவுதான் வந்தது. அவளுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறோம். திருகோணமலையில் கச்சான் காற்று புழுதி கிளப்பும் மாதங்களில் அவளுக்குத் தொய்வு வரும். கலியாணப் பேச்சுக்குக் குறையாகிவிடும் என்று வீட்டில் சொன்னதால், இன்ஹேலரை ஒளித்து வைத்துத்தான் படித்து முடித்தாள். இப்போது எலும்புத் தேய்வுக்கு வைத்தியர் கொடுத்த கல்சியம் குளிசையை எடுக்க மறுக்கிறாள். “கல்சியம்தானே தசையை இறுக்கிறது, தொய்வு கூடாதா?” என்கிறாள். அவள் சொல்வதில் பாதி சரி.

1883 இல் சிட்னி றிங்கர், தவளையின் இதயம் லண்டன் குழாய்நீரில் செய்த கரைசலில் துடிப்பதையும், வடித்த நீரில் செய்த கரைசலில் நின்றுவிடுவதையும் கண்டார். குழாய்நீரில் இருந்த கல்சியமே காரணம். தசை சுருங்கக் கல்சியம் வேண்டும் என்பது அன்று தெரியவந்தது.

எங்கள் காற்றுக்குழாய்களைச் சுற்றியும் தசை இருக்கிறது. அது எங்கள் விருப்பத்துக்கு அடங்காத மழமழப்பான தசை. அதன் கலத்துக்கு வெளியே உள்ள கல்சியம், ஓய்வு நேரத்தில் உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு. தூசியோ ஒவ்வாமையோ தூண்டும்போது கலத்தினுள் கல்சியம் ஏறுகிறது. அது கல்மொடியூலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியத்தை இயக்க, மயோசின் இழுக்கிறது, குழாய் ஒடுங்குகிறது.

இந்தக் கல்சியத்தில் பெரும் பங்கு கலத்துக்குள்ளேயே சேமித்து வைத்த களஞ்சியத்திலிருந்து வருகிறது. அதனால்தான் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நிபெடிப்பின் போன்ற, வெளிக் கல்சியத்தின் வாயிலை அடைக்கும் மருந்துகள் தொய்வுக்குப் பெரிதாக உதவவில்லை. துறைமுக வாயை மூடினாலும் உள்ளே பண்டகசாலையில் சரக்கு இருக்கிறதே! 1969 இல் பாவனைக்கு வந்த சல்பியூட்டமோல், அதாவது நீல இன்ஹேலர், கலத்தினுள் கல்சியத்தைக் குறைத்து, அதன் பிடியையும் தளர்த்துகிறது.

இனித் தோழியின் கேள்விக்கு வருவோம். இரத்தத்தில் கல்சியத்தின் அளவை உடல் இறுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது. வைத்தியர் சொன்ன அளவில் குளிசை எடுப்பதாலோ பால் குடிப்பதாலோ காற்றுக்குழாய்த் தசை இறுகாது. பால் ஒவ்வாமை உள்ளவர்களின் கதை வேறு. குளிசையை விட்டால் நட்டப்படுவது எலும்புதான்.

இன்னொன்று. நீல இன்ஹேலர் தசையைத் தளர்த்துமே தவிர, குழாயின் உள் வீக்கத்தை ஆற்றாது. அதற்குத் தடுப்பு இன்ஹேலர் வேண்டும். நீலத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டல்களும் சொல்கின்றன. அடிக்கடி நீலத்தைத் தேடுகிறவர்கள் வைத்தியரிடம் போகப் பிந்தாதீர்கள்.

தோழி குளிசையைத் தொடங்கிவிட்டாள். இதோ முன்வரிசையில், இன்ஹேலரை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். எங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதை ஒளிக்காமல் புத்தகப்பையில் கொண்டுபோகட்டும். கலியாணம் பேச வருகிறவர்களுக்கு நாங்கள் பதில் சொல்வோம்.