புட்போல் வீட்டில் தங்கச்சிக்கு எந்த இடம்?

(பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் உதைபந்தாட்டக் கழகத்தாரும் மாதர் சங்கத்தாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பசறை, மடுல்சீமை, தெமோதரை என்று எந்தப் பக்கம் போனாலும் புட்போல் பைத்தியம் பிடித்த குடும்பம் ஒன்றாவது இருக்கும். அப்பா பழைய கோல்கீப்பர். அண்ணன் கழகத்துக் கெப்டன். தம்பிக்கு பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் ஆட ஆசை. இதில் நாங்கள் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாராயக் கடைக்குப் போகாமல் மைதானத்துக்குப் போவது நல்லதுதானே!

ஆனால் அந்த வீட்டுக்கு, விவாகரத்தாகிப் பிள்ளையோடு தங்கச்சி திரும்பி வந்தால் அவளுக்கு எந்த இடம்? 2022 உலகக் கிண்ணத்தை நினைத்துப் பாருங்கள். அரையிறுதி ஆட்டங்கள் நம்ம நேரப்படி நடுச்சாமம் பன்னிரண்டரைக்குத் தொடங்கின. டீவி உள்ள காம்பராவில் அண்ணன்மாரும் கூட்டாளிமாரும். அடுப்படியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தங்கச்சி. தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதும் அவள்தான். விடிந்தால் அவளுக்குப் பெரட்டு. இப்படி எத்தனை லயங்களில் நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் "அண்ணே, அது ஓப்சைட்!" என்று சண்டை பிடித்தவள் அவள். இப்போது வாய் திறந்தால் "உனக்கேன் இந்தக் கதை?" என்கிறோம். மச்சான் நம்ம கழகத்துக்கு ஆடியவர் என்றால் இன்னும் மோசம். "நல்ல போர்வர்ட் ஒருத்தன் போயிட்டானே" என்று அவள் காதுபடவே பேசுகிறோம். அவள் பட்ட பாட்டை யாரும் கேட்பதில்லை.

மைதானத்திலும் இப்படி நடந்ததுண்டு. 1920 டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பெண்கள் ஆடிய ஒரு போட்டிக்கு 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருசமே அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. ஏறக்குறைய 50 வருசம் திறக்கவில்லை. இடம் கொடுத்தால் என்ன நடக்கும்? 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரைத் தோற்கடித்து, இந்திய தேசியக் கிண்ணத்தை முதல் தடவையாக வென்றார்கள்.

தங்கச்சி சும்மா வந்து உட்காரவில்லை. அவள் கொழுந்தெடுத்த சம்பளம் வீட்டுக்குத்தான் வருகிறது. ஆகவே சில காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, அவள் படுக்கவும் பிள்ளை படிக்கவும் ஓர் இடம் ஒதுக்குங்கள். ராத்திரி மேட்சை வேறு வீட்டிலும் பார்க்கலாம்.

இரண்டாவது, பிள்ளையின் செலவு. விவாகரத்து புருசன் பெண்சாதிக்குத்தான். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் கிடையாது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்காக நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புக் கேட்கலாம். வக்கீலுக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். கழக வேலைக்குப் பதுளைக்கு பஸ் ஏறுகிற அண்ணன், தங்கச்சியின் வழக்குத் தவணைக்கும் கூடப் போகட்டும்.

மூன்றாவது, சேமலாப நிதியில், தனக்குப் பின் பணம் யாருக்கென்று எழுதிக் கொடுத்த பெயரை அவள் சரிபார்க்க வேண்டும். பழைய புருசன் பெயரே இருக்கக்கூடும்.

கடைசியாக, "வாழாவெட்டி" என்ற சொல் நம்ம லயத்தில் யார் வாயிலும் வரக்கூடாது. பெரியவர்கள்தான் முதலில் அதை விட வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்குப் போகும்போது, "தங்கச்சி, நீயும் வா" என்று கூப்பிடுங்கள். தேத்தண்ணியைத் தம்பி ஊற்றட்டும்.