இனிப்பும் உப்பும் ஒரே கிண்ணத்தில்

அக்டோபரில் மேப்பிள் இலை சிவக்கும்போது அமெரிக்க வீடுகளில் ஒரு நொறுக்குத்தீனி தயாராகும். 3 கப் அரிசி சீரியல், 2 கப் உப்பு பிரெட்செல், 1 கப் வறுத்த வேர்க்கடலை. கால் கப் வெண்ணெயை உருக்கி, அதே அளவு பழுப்புச் சர்க்கரையும் கொஞ்சம் பட்டைத்தூளும் கரைத்து ஊற்றிப் புரட்டுவார்கள். 120 டிகிரி செல்சியஸ் அவனில் முக்கால் மணி நேரம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கிளறியே ஆகவேண்டும். விட்டால் ஓரத்துச் சர்க்கரை கருகிக் கசக்கும். அவனிலிருந்து எடுத்ததும் சற்று நமுத்தாற்போலத்தான் இருக்கும், ஆறினால் மொறுமொறுக்கும். மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை என மூவண்ணத்தில் வரும் கேண்டி கார்ன் மிட்டாயை ஆறிய பிறகே சேர்ப்பார்கள். சூட்டில் அது உருகிவிடும். அளவான உப்பு கசப்பை அடக்கி, இனிப்பைத் தூக்கிக் கொடுக்கிறது. ஒரு வேண்டுகோள்: பிற வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்குமுன் வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.