கிருமிக்குப் பல முகம், பாதுகாப்புக்கு ஒரே விதி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘எச்ஐவியும் அறுவை சிகிச்சையும்’. இது நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பித்தப்பைக் கல், குடல்வால், முழங்கால் மூட்டு, கண்புரை என்று ஏதாவது ஒன்றுக்காக நம்மில் பலரும் ஒருநாள் அறுவை சிகிச்சை மேசையில் படுக்க வேண்டிவரும். அப்போது மனத்தில் இரண்டு கேள்விகள் எழும். “எனக்கு முன்னால் இதே மேசையில் படுத்தவருக்கு என்ன நோயோ?” என்பது ஒன்று. “எனக்கிருக்கும் நோயைச் சொன்னால் என்னை எப்படி நடத்துவார்களோ?” என்பது இன்னொன்று. முதல் கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியைச் சிலர் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள். இரண்டுக்கும் விடை ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு பெயர், பல வகை

எச்ஐவி என்பது ஒரே கிருமி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஒரு பெரிய குடும்பம். எச்ஐவி-1, எச்ஐவி-2 என்று அதில் இரண்டு கிளைகள். முதல் கிளையில் எம், என், ஓ, பி என நான்கு குழுக்கள். உலகெங்கும் பரவியிருப்பது எம் குழு. அதற்குள்ளும் ஏ, பி, சி, டி என்று பல உட்பிரிவுகள். இரண்டு உட்பிரிவுகள் ஒரே மனிதரின் உடலில் சந்தித்தால் கலப்பு வகைகளும் பிறக்கின்றன. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட கலப்பு வகைகள் பதிவாகியுள்ளன.

ஏன் இத்தனை வகை? இந்தக் கிருமி தன்னைப் படியெடுக்கும்போது அடிக்கடி பிழை செய்கிறது. அவசரத்தில் எழுதும் மாணவன் எழுத்துப்பிழை விடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிழைகளில் சில கிருமிக்கே சாதகமாகிவிடுகின்றன.

ஊருக்கு ஊர் வகையும் மாறுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘பி’ அதிகம். இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ‘சி’ அதிகம். உலகில் ஏறக்குறைய பாதித் தொற்று இந்த ‘சி’ வகைதான். தாய்லாந்திலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் ‘ஏஇ’ எனப்படும் கலப்பு வகை. சிங்கப்பூரோ துறைமுக நகரம். இங்கே ‘பி’யும் உண்டு, ‘ஏஇ’யும் உண்டு. இவை இரண்டும் கலந்த ஒரு புதிய வகையை, மூவரிடமிருந்து எடுத்த கிருமிகளின் முழு மரபணுவையும் படித்து, 2012ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அடையாளம் கண்டார்கள். சிஆர்எஃப்51_01பி என்று அதற்குப் பெயர்.

தமிழர்களுக்கும் இந்த ஆராய்ச்சியில் பங்குண்டு. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டு, சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற மருத்துவர் செல்லப்பன் நிர்மலாவும் அந்தப் பணியைச் செய்தார்கள். சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. இந்த நோய் நம் ஊருக்கு வராது என்று பலர் நம்பியிருந்த காலம் அது.

பரிசோதனை கோட்டைவிட்ட கதை

வகைகள் இருந்தால் இருக்கட்டும், அறுவை சிகிச்சைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது.

அறுவைக்கு முன் எல்லாருக்கும் ரத்தம் சோதித்து, கிருமி இருப்பவரை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டால் மற்றவர்கள் பாதுகாப்பாக இருக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1994ஆம் ஆண்டில் ஓர் உண்மை தெரியவந்தது. அப்போது புழக்கத்தில் இருந்த சில பரிசோதனைக் கருவிகள், ஓ குழுக் கிருமி தொற்றியவர்களைக் “கிருமி இல்லை” என்று காட்டிவிட்டன. கருவியை வடிவமைத்தபோது அந்தக் குழுவைக் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு கருவிகள் திருத்தப்பட்டன. இன்றைய பரிசோதனைகள் மிகவும் நம்பகமானவை. ஆனாலும் தொற்றிய முதல் சில வாரங்களில் எந்தப் பரிசோதனையிலும் கிருமி தப்பிவிடும் வாய்ப்பு உண்டு.

ஆகவே, “இவருக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை” என்ற பட்டியலை நம்பி ஒரு மருத்துவமனை தன் பாதுகாப்பை அமைத்துக்கொண்டால், அந்த வேலியில் எப்போதும் ஓர் ஓட்டை இருக்கும்.

அனைவருக்கும் ஒரே விதி

அந்த ஓட்டையை அடைக்கும் வழி 1987ஆம் ஆண்டிலேயே சொல்லப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு நிலையம், எல்லா நோயாளிகளின் ரத்தத்தையும் கிருமி இருக்கக்கூடிய ரத்தமாகவே கருதிக் கையாளும்படி அறிவுறுத்தியது. இன்று உலகெங்கும் உள்ள மருத்துவமனைகளின் அடிப்படை விதி இது. கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாருக்கும் உண்டு. கத்தியையும் ஊசியையும் கையிலிருந்து கைக்குக் கொடுக்காமல் தட்டில் வைத்து எடுத்துக்கொள்வார்கள். பயன்படுத்திய கருவிகள் அதிக அழுத்த நீராவியில் சுத்திகரிக்கப்படும். அந்த வெப்பத்துக்கு முன்னால் எந்த வகை எச்ஐவியும் தாக்குப்பிடிக்காது. ஆகவே, உங்களுக்கு முன்னால் யார் படுத்திருந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் ஆபத்து இல்லையா? உண்டு. அதை மறைக்க வேண்டாம். ஆனால் அது எவ்வளவு என்று தெரிந்துகொள்வோம். எச்ஐவி ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி கிருமி இதேபோல் தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரைகூடப் போகும். மேலும், ஊசி குத்தியவர் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் ஆபத்து இன்னும் வெகுவாகக் குறைகிறது.

ஒரே விதியை எல்லாருக்கும் கடைப்பிடிப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் அறுவை சிகிச்சைக்கான ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளியின் பெயர், எந்த இடத்தில் அறுவை, என்ன ஒவ்வாமை என்று எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் சாதாரணத் தாள் அது. புதுடில்லி உட்பட எட்டு நகர்களில் சோதித்துப் பார்த்தார்கள். உயிரிழப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காட்டுக்கு இறங்கியது.

எச்ஐவி உள்ளவருக்குக் கத்தி வைக்கலாமா?

புண் ஆறாது, தாங்கமாட்டார் என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. எச்ஐவி உள்ள 332 பேரையும், அதே வகை அறுவை செய்துகொண்ட, எச்ஐவி இல்லாத 332 பேரையும் ஒப்பிட்டார்கள். நிமோனியா மட்டும் எச்ஐவி உள்ளவர்களிடம் கூடுதலாக இருந்தது. மற்றச் சிக்கல்கள் இருதரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ரத்தத்தில் கிருமி எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் சிக்கல் கூடியது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுக் கிருமியைக் கட்டுக்குள் வைத்திருப்பவருக்கு அறுவையை மறுக்கக் காரணமில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

கிருமியின் வகை இதை மாற்றிவிடுமா? நெதர்லாந்தில் வேகமாக நோய் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் ஒரு ‘பி’ வகையை 109 பேரிடம் கண்டதாக 2022ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சிகிச்சை தொடங்கியபின் அவர்களும் மற்றவர்களைப் போலவே தேறினார்கள். எச்ஐவி-2 உள்ளவர்களுக்குச் சில மருந்துகள் வேலை செய்யாது; வேறு மருந்து கொடுக்க வேண்டும். ஆகவே, எந்த மருந்து என்பதை முடிவுசெய்ய வகை உதவும். ஒருவருக்கு அறுவை செய்யலாமா கூடாதா என்பதை அது முடிவுசெய்வதில்லை.

சிறுநீரகம் சொன்ன பாடம்

இதற்கு ஒரு நல்ல சான்று தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. உலகின் முதல் இதய மாற்று அறுவை 1967ஆம் ஆண்டில் நடந்த அதே கேப்டவுன் மருத்துவமனையில், 2008ஆம் ஆண்டில் மருத்துவர் எல்மி முல்லர் குழுவினர், எச்ஐவி உள்ள ஒருவர் இறந்தபின் அவரது சிறுநீரகத்தை எச்ஐவி உள்ள இன்னொருவருக்குப் பொருத்தினார்கள். கொடுப்பவரிடம் இருக்கும் வேறு வகைக் கிருமியும் பெறுபவரைத் தொற்றிக்கொண்டால் என்ன ஆவது என்பதுதான் எல்லாருக்கும் இருந்த அச்சம்.

அமெரிக்காவில் 198 பேருக்குச் செய்த சிறுநீரக மாற்று அறுவைகளின் முடிவுகள் 2024ஆம் ஆண்டில் வெளியாயின. எல்லாரும் எச்ஐவி உள்ளவர்கள். பாதிப் பேர் எச்ஐவி உள்ளவரின் சிறுநீரகத்தையும், மீதிப் பேர் எச்ஐவி இல்லாதவரின் சிறுநீரகத்தையும் பெற்றார்கள். ஓராண்டுக்குப்பின் உயிரோடிருந்தவர்கள் முறையே 94 விழுக்காடு, 95 விழுக்காடு. புதிய வகைக் கிருமி தொற்றியிருக்கலாம் என்ற ஐயம் ஒரே ஒருவரிடம் எழுந்தது. அவருக்கும் அதனால் பாதிப்பு ஏற்படவில்லை.

சொல்லத் தயங்குவது ஏன்?

அறிவியல் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம் மனம்தான் வரவில்லை. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டில் புதிதாக 202 பேருக்கு எச்ஐவி கண்டறியப்பட்டது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 400க்குமேல் இருந்தது, குறைந்திருப்பது மகிழ்ச்சி. ஆனால் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் முற்றிய பிறகே தெரியவந்தது. பயந்து பரிசோதனைக்குப் போகாமல் இருந்தால் முடிவு இதுதான்.

அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எச்ஐவி பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் விவரங்கள் கசிந்த செய்தி 2019ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியானபோது எத்தனை குடும்பங்கள் தூக்கமிழந்திருக்கும்! எச்ஐவி உள்ளவரின் அடையாளத்தை வெளியிடுவது நம் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டிலுள்ள உறவினர்களுக்கும் ஒரு செய்தி: 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் நடப்புக்கு வந்த இந்தியச் சட்டம், எச்ஐவியைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்கிறது. மருத்துவ ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்களும் பயிற்சியும் தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இருதரப்புக்கும் அது துணை நிற்கிறது.

எல்லாருக்கும் ஒரே பாதுகாப்பு என்றால், நோயாளி ஏன் தன் நோயைச் சொல்ல வேண்டும்? அவருடைய நன்மைக்காகத்தான். சில எச்ஐவி மருந்துகள் மிடசோலம் போன்ற மயக்க மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் கொடுத்தால் ரில்பிவிரின் உடலில் சரியாகச் சேராது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள் டொலுடெக்ராவிரைத் தடுக்கும். மருத்துவருக்குத் தெரிந்தால் மாற்றிக் கொடுப்பார். தெரியாவிட்டால் எப்படிக் கொடுப்பார்? அறுவைக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னார்கள் என்பதற்காக எச்ஐவி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தாதியிடம் தனியாகக் கேளுங்கள். வீட்டார் பக்கத்தில் இருந்தால், அவர்களை வெளியே இருக்கச் சொல்லும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு என்ன நோய் என்று விசாரிக்காதீர்கள். “கையைக் கழுவினீர்களா?” என்று உங்கள் மருத்துவரிடமும் தாதியிடமும் கேளுங்கள். உங்களைக் காப்பாற்றப்போவது இந்தக் கேள்விதான்.