திண்ணை கேட்ட தன்னார்வலர்

ஹிஜ்ரத்திற்கு முன், மதீனாவாசிகளுக்குக் கற்பிக்க நபி (ஸல்) அவர்கள் அனுப்பியது இளைஞர் முஸ்அப் (ரலி) அவர்களை. செல்வ வீட்டுப் பிள்ளை. அங்கே அஸ்அத் (ரலி) அவர்கள் தம் இல்லத்தில் இடமளித்தார்கள்.

கொரோனாவால் 19 மாதங்கள் மூடிக்கிடந்த பள்ளிகளின் பிள்ளைகளுக்காக, நம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் மாலைதோறும் கற்பித்தனர். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய்தான். அதையும் ஏளனம் செய்தோர் உண்டு.

கண்டாச்சிபுரத்தில் அப்படியொரு சகோதரி, மழைநாளில் என் திண்ணையைக் கேட்டார். பிள்ளைகளின் இரைச்சல் ஓதுவதற்கு இடையூறாகும் என்று மறுத்துவிட்டேன். அஸ்அத் (ரலி) அவர்களின் வரலாற்றை எத்தனை ஜும்ஆக்களில் பேசியவன் நான்!

இனி எவர் கற்பிக்க வந்தாலும், அஸருக்குப்பின் மதரஸாவின் முன்னறையைத் தருமாறு ஜமாஅத்தாரிடம் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள்.